வடித்த தண்ணீர்

ஜனவரி 9

மதுரை போய் வந்தோம். என் சிறுநீரகம் ஜெசிந்தாவுக்குப் பொருந்துகிறதாம். இரத்த வகையிலிருந்து எல்லாம் சரி. கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் பொருந்திய முதல் விஷயம் இதுதான் என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். ஜெசிந்தா சிரிக்கவில்லை.

பிறகு என்னை எடை மேடையில் ஏற்றினார்கள். தொண்ணூற்றாறு. "ஈரல்லயும் கொழுப்பு படிஞ்சிருக்கு. எண்பத்திரண்டுக்குக் கீழ வாங்க, மத்ததை அப்புறம் பேசலாம்" என்றார் டாக்டர். தூத்துக்குடித் துறைமுகத்தில் இத்தனை வருடமாக மீன் ஏலம் விடுகிறேன். ஒரு சீலா மீனைக் கையில் தூக்கினால் தராசு தேவையில்லை, எடையைச் சொல்லிவிடுவேன். என் எடையை மட்டும் பார்த்ததே இல்லை.

ஜெசிந்தாவுக்கு டயாலிசிஸ் தொடங்கி மூன்றாவது வருடம் நடக்கிறது. வாரத்தில் மூன்று நாள். ஊசி குத்துவதற்காக இடது கையில் செய்து வைத்த இரத்தக் குழாய் அடைத்துக்கொள்ளப் பார்க்கிறது. "ரொம்பத் தள்ளிப் போட முடியாது" என்று டாக்டர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

ஊர் வந்ததும் அவளை வீட்டில் இறக்கிவிட்டு மாதா கோவிலுக்குப் போய் நேர்ச்சை வைத்தேன். மீன், கறி, முட்டை, பால், தயிர், நெய், தேன், எதுவும் தொடமாட்டேன். உயிருள்ளதிலிருந்து வருகிற ஒன்றும் வேண்டாம், காரியம் முடிகிற வரைக்கும். பதிலுக்கு என்ன கேட்டேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அது எனக்கும் மாதாவுக்கும் உள்ளது.

ஜனவரி 12

மதுரை ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு முறை சொல்லிக் கொடுக்கிற பெண்ணின் பெயர் தில்ஷாத். என் மகளைவிடச் சின்னவளாக இருப்பாள். போனில் நேர்ச்சையைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"இதுக்குப் பேரு வீகன் சார். தாராளமா இருக்கலாம், எடையும் எறங்கும். ஆனா பட்டினி கெடக்கக் கூடாது. பருப்பு, சுண்டல், சோயா, நிலக்கடலை, எள்ளு, தினம் ஏதாவது ரெண்டு உள்ள போகணும்" என்றாள். பிறகு குரலைக் கொஞ்சம் கடுமையாக்கிக்கொண்டாள். "பி12னு ஒரு சத்து. அது செடி கொடியில கெடைக்காது. நீங்க வருஷக்கணக்கா வாயுக்கு மாத்திரை போடுறதால உங்களுக்கு ஏற்கெனவே ஓரத்துலதான் நிக்குது. நான் எழுதிக் குடுத்த மாத்திரையை ஒரு நாளும் விட்டுராதீங்க."

சரி என்றேன். மாத்திரை சிவப்பாக, பளபளவென்று இருக்கிறது.

காலையில் பால் இல்லாத காப்பி. மனிதன் குடிப்பானா இதை.

ஜனவரி 20

எங்கள் அடுப்படி கூத்தாகக் கிடக்கிறது. நான் தின்ன வேண்டியது எதுவும் அவளுக்கு ஆகாது. பருப்பு, கீரை, கடலை, வாழைப்பழம், இளநீர் எல்லாவற்றிலும் பொட்டாசியமாம். அவளுக்கு அது சேர்ந்தால் இதயமே நின்றுவிடலாம். அவளுக்கான காயைச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, மிஞ்சியதைத்தான் தாளித்துக் கொடுக்க வேண்டும். அடுப்பு வேலையெல்லாம் இப்போது நான்தான். வடித்ததை ஏன் கொட்ட வேண்டும் என்று உப்பும் மிளகும் தட்டிப்போட்டு நானே குடிக்கிறேன்.

"சத்தெல்லாம் ஒங்களுக்கு, சக்கையெல்லாம் எனக்கா?" என்றாள்.

"எல்லாம் சுத்தி ஒனக்குத்தான் வரப்போகுது" என்றேன்.

அவளுக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர். காப்பி, ரசம், மாத்திரை விழுங்குகிற வாய்த் தண்ணீர் எல்லாம் அதில் அடக்கம். ஒரு பங்கை ஐஸ்கட்டியாக்கி வைத்துக்கொண்டு, வெயில் ஏறினதும் ஒன்றை எடுத்துக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்கிறாள். தாகமாக இருக்கிறது என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

பிப்ரவரி 2

தொண்ணூற்றொன்று. பக்கத்து வீட்டில் நெத்திலி வறுத்தார்கள். ஜன்னலைச் சாத்தினேன்.

பிப்ரவரி 17

ஏலக்கூடத்தில் எனக்கு அடுத்த மேடை வியாகுலத்தினுடையது. நல்ல பையன்தான், வாய் மட்டும் சும்மா இருக்காது. காலையில் நான் மாத்திரையை எடுத்து வாயில் போடப் போனேன்.

"அண்ணே, மீன் வேண்டாம், பால் வேண்டாங்கீய. அந்த மாத்திரைக் கூடு எதுல செய்யுதான்னு தெரியுமா? மாட்டு எலும்புல. ஜெலட்டின்."

கிண்டல் என்று நினைத்து மருந்துக்கடையில் கேட்டேன். ஆமாம் என்கிறார்கள். எலும்பு, தோல் எல்லாம் போட்டுக் காய்ச்சி எடுப்பதாம். ஒரு மாதத்துக்கு மேல் தெரியாமல் விழுங்கியிருக்கிறேன். கோவிலுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன்.

இனிமேல் அந்த மாத்திரை இல்லை. நேர்ச்சை என்றால் நேர்ச்சைதான், அதில் ஓட்டை போட முடியாது. தில்ஷாத்திடம் சொல்லி அவளைக் கலவரப்படுத்த வேண்டியதில்லை. ஜெசிந்தாவிடமும் வேண்டாம், அவளுக்கு இருக்கிற கவலை போதும். காசு போட்டு வாங்கியதைக் குப்பையில் எறிய மனம் வரவில்லை. ஓர் இடத்தில் வைத்திருக்கிறேன்.

நாளை சாம்பல் புதன்.

மார்ச் 6

தவக்காலம் வந்ததும் தெருவே எனக்குத் துணையாகிவிட்டது. கறிக்கடையில் கூட்டம் இல்லை. சிலுவைப்பாதை முடிந்து வெளியே வந்தபோது, "கஸ்பார் அண்ணனைப் பாருங்க, ஆள் எப்படி எறங்கிட்டாரு, இதுல்லா தவம்" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. நல்லாத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

எண்பத்தேழு. ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். பசியும் இல்லை. சோயா உருண்டை வாங்கியது டப்பாவோடு கிடக்கிறது, மெல்ல முடியவில்லை. அவள் சாப்பிட முடியாத கடலையை அவள் எதிரில் உட்கார்ந்து கொறிக்கவும் பிடிக்கவில்லை. கொஞ்சம் சோறு, வடித்த தண்ணீர். போதுமாக இருக்கிறது. தில்ஷாத் போன் செய்தாள். பருப்பு, சுண்டல் எல்லாம் நடக்கிறது என்றேன்.

மார்ச் 19

நாக்கு வழுவழுவென்று சிவந்திருக்கிறது. மிளகு கூடிவிட்டது போல.

ஏப்ரல் 5

ஈஸ்டர். மகள் பெங்களூரிலிருந்து வரவில்லை, போனில் பேசினாள். தெரு முழுவதும் பிரியாணி மணம். தட்டில் எனக்குச் சோறும் ரசமும், அவளுக்கு வடித்த பீன்ஸ்.

பூசை முடிந்து திரும்பும்போது இடது காலில் செருப்பு இல்லை. கோவில் வாசலிலிருந்து தெருமுனை வரைக்கும் வெறுங்காலோடு நடந்திருக்கிறேன். எங்கே கழன்றது என்று தெரியவில்லை. ஜெசிந்தாதான் பார்த்துச் சொன்னாள். செருப்பு தேய்ந்துவிட்டது, புதிதாக வாங்க வேண்டும்.

ஏப்ரல் 28

ஏலத்தில் ஒரு குளறுபடி. விளமீன் கூடை ஒன்றைத் தூக்கி ஊளி மீன் என்று கூவிவிட்டேன். கூட்டம் சிரித்தது. சரி செய்து மறுபடி ஆரம்பித்தேன். விலை ஏறிக்கொண்டே போனது. எந்தத் தொகையில் நிற்கிறோம் என்பது எனக்கு மறந்துவிட்டது. ஒரு தரம் சொன்னேன், ரெண்டு தரம் சொன்னேன், மூன்றாவது வாயில் வரவில்லை. வியாகுலம் தன் மேடையிலிருந்து வந்து முடித்துக் கொடுத்தான்.

"அண்ணே, உக்காருங்க. மொகம் வெளுத்துப் போய்க் கெடக்கு."

வெயில் என்றேன். கூடத்துக்குக் கூரை இருக்கிறது என்று அவன் சொல்லவில்லை.

மே 2

ஜெசிந்தாவின் கைக்குழாய் அடைத்துவிட்டது. திறந்து சரி செய்து கட்டுப் போட்டிருக்கிறார்கள். அடுத்த முறை அடைத்தால் கழுத்தில் குழாய் போட வேண்டிவருமாம். "மதுரையில எப்ப தேதி குடுப்பாங்க?" என்று டயாலிசிஸ் நர்ஸ் கேட்டாள். எண்பதுக்கு வந்துவிட்டேன் என்றேன்.

மே 13

மதுரை. எழுபத்தொன்பது. எடை மேடையிலிருந்து இறங்கும்போது ஜெசிந்தாவைப் பார்த்துக் கையை விரித்துக் காட்டினேன். அவள் புதுச் சேலை கட்டி வந்திருந்தாள், இன்றைக்குத் தேதி கொடுப்பார்கள் என்று.

டாக்டர் என் இரத்தப் பரிசோதனைத் தாளை ரொம்ப நேரம் பார்த்தார். ஹீமோகுளோபின் ஒன்பது. என்னைப் படுக்கச் சொல்லி, இரும்புக் கவை ஒன்றைத் தட்டி என் கால் பெருவிரலில் வைத்தார்.

"அதிருதா?"

"இல்ல சார்."

கணுக்காலில் வைத்தார். அங்கேயும் இல்லை. முழங்காலில் வைத்தபோதுதான் தெரிந்தது. விரலிலேயே தெரிந்திருக்க வேண்டுமாம்.

"எடை கொறைஞ்சிருக்கு, ஆனா ஒடம்பு கெட்டிருக்கு. பி12 இல்லவே இல்ல. சாப்பாடும் சரியில்ல. சதையெல்லாம் கரைஞ்சிருக்கு. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா கால் மரத்தது மரத்ததுதான். உங்களை இப்ப நான் ஆபரேஷன் மேசையில ஏத்த முடியாது" என்றார். "மாத்திரை போட்டீங்களா, இல்லையா?"

போட்டேன் என்றேன்.

"போட்டா இப்படி வராதே" என்றார் தில்ஷாத்தைப் பார்த்து. அந்தப் பெண் முகம் சுருங்கிப் போய் நின்றாள். அவளைத் திட்டுகிறார் என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

பஸ்ஸில் ஜெசிந்தா ஜன்னலோரம். அருப்புக்கோட்டை தாண்டுகிற வரைக்கும் புதுச் சேலையின் மடிப்பை நீவிக்கொண்டே வந்தாள். பிறகு, "கழுத்துல போட்டா போட்டுக்கிடுவோம். ஒண்ணும் ஆயிராது" என்றாள்.

மே 14

மே மாதம் மாதா வணக்க மாதம். வருடா வருடம் முதல் தேதியே வீட்டுப் பீடத்தைத் துடைத்து மல்லிகை வைத்துவிடுவாள். இந்த வருடம் கையில் கட்டு இருந்ததால் தள்ளிப் போய்விட்டது. இன்று காலையில் ஒற்றைக் கையால் மாதா சுரூபத்தை இறக்கினாள். பின்னால் நான் வைத்திருந்த மாத்திரை அட்டைகள் எல்லாம் பொலபொலவென்று கீழே விழுந்தன.

நான் சோற்றை வடித்துக்கொண்டிருந்தேன். அவள் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி மேசையில் அடுக்கினாள். மாதம் தவறாமல் மருந்துக்கடையில் வாங்கி வந்தது அவள்தான்.

"இது என்னது?"

கூடு மாட்டெலும்பில் செய்வது, நேர்ச்சை முறிந்துவிடும் என்று விளக்கினேன். சொல்லச் சொல்ல எனக்கே அது சின்னதாகிக்கொண்டு போனது.

"டாக்டருட்ட சொன்னீயளா?"

"இல்ல."

"அந்தத் தில்ஷாத் பிள்ளைட்ட?"

"இல்ல."

"சொல்லியிருந்தா வேற மாத்திரை குடுத்திருப்பாவ. ஊசி போட்டிருப்பாவ. ஏன் சொல்லல?"

வடிந்தும் வடியாத பானையை நிமிர்த்தி வைத்தேன். அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"மாதாட்ட என்ன கேட்டீய?"

துறைமுகம் முழுக்கக் கேட்கிற தொண்டை எனக்கு. மேசையிலிருந்த அட்டைகளை இன்னொரு தரம் அடுக்கினேன்.

"வெட்டாம கொள்ளாம எனக்குச் சொகமாவணும்னு கேட்டீயளா?"

தலையை ஆட்டினேன்.

"பயமா இருக்கா?"

எழுதத்தான் வேண்டும். ஆமாம், பயம். ஜனவரியிலிருந்து, அதற்கு முன்னாலிருந்தே பயம். தினமும் கத்திக்கும் குடலுக்கும் நடுவில் நிற்கிறவன் நான், மீனைக் கீறுகிற சத்தம் எனக்குக் காதிலேயே ஏறாது. என்னைக் கிடத்திக் கீறப் போகிறார்கள் என்று நினைத்தால் மட்டும் அந்தச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடுகிறது. எடை குறைக்கச் சொன்னபோது, அதற்குள் ஏதாவது அற்புதம் நடந்துவிடாதா என்று நிம்மதியாக இருந்தது. மாத்திரைக் கூட்டைப் பற்றி வியாகுலம் சொன்னபோதும் உள்ளே எங்கோ ஒரு நிம்மதி. நேற்று டாக்டர் முடியாது என்றாரே, அப்போதும். அவள் புதுச் சேலையோடு பக்கத்தில் நிற்கும்போது எனக்குள் அது வந்தது. என்னைப் போல ஒரு பயலை எங்கே தேடினாலும் கிடைக்காது.

இதையெல்லாம் அவளிடம் அழுதுகொண்டு சொன்னேன். அவள் அழவில்லை. அழுகிற தண்ணீரும் கணக்கில்தான் வரும் என்று முன்னே ஒருமுறை கிண்டலாகச் சொல்லியிருக்கிறாள்.

"எனக்கும் பயம்தான். ஒங்களை வெட்டுறதை நெனச்சி" என்றாள். "வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிருங்க. மெஷின் இருக்கு, எத்தனை பேரு அதுலயே இருக்காவ. நான் ஒரு சொல் சொல்லமாட்டேன். ஆனா தாரேன்னு சொல்லிட்டு இப்படி உள்ளுக்குள்ளேயே ஒடம்பைக் கெடுக்காதீய. அதைத் தாங்கிக்கிட மாட்டேன்."

சோறு குழைந்துவிட்டது. இரண்டு பேரும் அதையே சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது சொன்னேன்.

"தாரேன்."

"நெசமா?"

"பயந்துக்கிட்டேதான் தருவேன்."

"அது போதும்" என்றாள். "சரி, நேர்ச்சையை விட வேண்டாம். மீன் பால் ஒண்ணும் தொட வேண்டாம். கேட்டதை மட்டும் மாத்திருங்க."

மே 15

கோவிலுக்குப் போனேன். மாற்றிவிட்டேன். இதையும் எழுதப் போவதில்லை, இந்த முறை ஜெசிந்தாவுக்குத் தெரியும்.

மே 16

தில்ஷாத்துக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். உன்னை அன்றைக்கு மாட்டிவிட்டதற்கு மன்னித்துக்கொள் அம்மா என்றேன்.

"கூடு இல்லாத மாத்திரை இருக்கு சார். அதுல எலும்பும் கெடையாது, தோலும் கெடையாது. கேட்டிருந்தா முதல் நாளே மாத்திக் குடுத்திருப்பேன்" என்றாள். "இப்ப மாத்திரை பத்தாது. ஊசிதான். நம்ம டாக்டர் எழுதியிருக்கிற ஊசியில மிருகத்துச் சரக்கு இல்லன்னு கேட்டுட்டேன். போதுமா?"

போதும் என்றேன். முதல் ஊசி சாயந்திரம் போட்டாயிற்று. ஊசியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 30

சாப்பிடுவது இப்போது ஒரு வேலை. காலையில் இட்லிக்கு எள்ளுப் பொடி, ஏலம் முடிந்ததும் சுண்டல், மத்தியானம் பருப்பு, சோயா உருண்டை. ஊறவைத்துப் பிழிந்து மசாலா பிரட்டினால் மெல்ல முடிகிறது. ஜெசிந்தா எதிரில் உட்கார்ந்து நான் விழுங்குவதைப் பார்க்கிறாள். அவள் முன்னால் கடலை கொறிக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது என்று சொன்னேன்.

"எனக்காவத்தான திங்கீய. தின்னுங்க."

வடித்த தண்ணீரையும் விடவில்லை. பழகிவிட்டது.

ஜூன் 21

எண்பது. ஒரு கிலோ கூடியிருக்கிறது. தில்ஷாத் நல்லது என்றாள். காலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது, உயிர் வருகிறது போலும். ஏலத்தில் இன்று ஒரு பெயரும் தவறவில்லை. வியாகுலத்துக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். எனக்குப் பால் இல்லாமல்.

ஜூலை 16

மதுரை. இரும்புக் கவையை விரலில் வைத்தார். அதிர்ந்தது. முழுசாக இல்லை, ஆனாலும் அதிர்ந்தது. ஹீமோகுளோபின் பதின்மூன்றைத் தொட்டுவிட்டது. ஈரலிலும் கொழுப்பு கரைந்திருக்கிறது. ஆகஸ்ட் பத்தொன்பது என்று தேதி கொடுத்தார்கள்.

ஜெசிந்தா பழைய சேலைதான் கட்டி வந்திருந்தாள். வெளியே வந்து, "புதுசைக் கெட்டியிருக்கலாமோ" என்றாள்.

ஆகஸ்ட் 5

மாதா திருவிழா. தேரைக் கொஞ்ச தூரம் பின்தொடர்ந்தோம். அவளுக்கு மூச்சு வாங்கியது, திரும்பிவிட்டோம். காலில் இரண்டு செருப்பும் இருந்தன.

ஆகஸ்ட் 17

ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டோம். மகள் வந்திருக்கிறாள். ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். முதல் எழுத்தோடு நிறுத்திவிட்டேன். பரவாயில்லை, நிதானமாகப் போடுங்கள் என்றார் டாக்டர்.

ஆகஸ்ட் 19

காலை. நேற்றுச் சாப்பாட்டுக்குப் பிறகு எதுவும் கூடாது என்றார்கள். பிறகு தண்ணீரும் கூடாது என்றார்கள். அது எனக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. ஏழெட்டு மாதமாக எதையெல்லாமோ விட்டவன், தண்ணீர்தானே என்று படுத்தேன்.

விடிந்ததும் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எச்சில் இல்லை. வராந்தாவில் யாரோ குழாயைத் திறந்து வாளியில் பிடிக்கிறார்கள், அந்தச் சத்தம் தவிர வேறு எதுவும் காதில் ஏறவில்லை. மீனை விட்டேன், பாலை விட்டேன் என்று ஊரெல்லாம் தெரிய இருந்தேன். தண்ணீரை ஒருநாளும் விட்டதில்லை. அவளுக்குக் காய் வடித்துக் கொடுத்துவிட்டு, அந்தத் தண்ணீரை அவள் கண் முன்னாலேயே மடக் மடக்கென்று குடித்திருக்கிறேன், ஜனவரியிலிருந்து. ஒருநாளாவது அவள் முகத்தைப் பார்த்திருக்கலாம்.

மகள் அவளைச் சக்கர நாற்காலியில் வைத்து என் கட்டிலருகே தள்ளிக்கொண்டு வந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே பச்சை அங்கி.

"தண்ணி தவிக்கா?" என்றாள் ஜெசிந்தா.

"தவிக்குது."

"ரொம்பவா?"

"ரொம்ப."

என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கும்" என்றாள்.

இத்தனை வருடத்தில் அவள் வாயால் இதை இப்போதுதான் கேட்கிறேன்.

முதலில் என்னைத்தான் கொண்டுபோவார்களாம். நர்ஸ் வந்து நிற்கிறாள், பேனாவையும் இதையும் மகளிடம் கொடுக்கச் சொல்கிறாள். பயமாகத்தான் இருக்கிறது. போகிறேன்.